மூலக்கோப்பு யாருடைய கையில்? – உரைதொகுப்பித் தெரிவும் ஊவா மலையக எழுத்தும்

மலையக இலக்கியம் பற்றி எழுதப்படும் கட்டுரைகள் அதன் பொருளைப் பற்றிப் பேசுகின்றன. அதன் வடிவத்தைப் பற்றிப் பேசுகின்றன. அது பிறந்த சமுதாயச் சூழலைப் பற்றி விரிவாகவே பேசுகின்றன. ஆயின், அவ்விலக்கியம் எவ்வாறு அச்சேறுகிறது, அச்சேறிய பின்னர் அதன் மூலம் எவரிடம் தங்குகிறது என்னும் வினா பெரும்பாலும் எழுப்பப்படுவதில்லை. அச்சகத்தாருக்குரிய தொழில்நுட்ப விடயம் எனக் கூறி அதனை ஒதுக்கிவிடுவது வழக்கமாகிவிட்டது. இவ்வழக்கம் கைவிடப்படவேண்டும். பதுளையிலும் பசறையிலும், லுணுகலையிலும் மடுல்சீமையிலும், பண்டாரவளையிலும் ஹப்புத்தளையிலும் எழுதுவோர் தம் எழுத்தை எந்த உரைதொகுப்பியிலே எழுதுகின்றனர், எந்த வடிவத்திலே சேமிக்கின்றனர் என்பது வெறும் வசதி பற்றிய வினாவன்று. அது உடைமை பற்றிய வினா.

பொருளை முதலில் தெளிவுபடுத்திக்கொள்வது நன்று. உரைதொகுப்பி என்பது எழுத்துகளை ஏற்று, திருத்த இடமளித்து, அவற்றை எழுத்துகளாகவே சேமிக்கும் எளிய மென்பொருளாகும். பக்கத்தின் அகலம், எழுத்தின் பருமன், தலைப்பின் இடம் ஆகியவற்றை அது காட்டுவதில்லை. எழுதுபவர் உரையினிடையே ‘இது தலைப்பு’, ‘இது அடிக்குறிப்பு’, ‘இது செய்யுள்’ என்று உணர்த்தும் சிறு கட்டளைகளை இட்டுச் செல்வார். இவ்வாறு உருவாகும் கோப்பே மூலக்கோப்பு எனப்படும். அதனை வாசித்துப் பக்கங்களாக்கித் தருவது டெக் போன்ற பிறிதொரு மென்பொருளின் பணி.

இம்முறையின் தோற்றமே ஓர் எழுத்தாளரின் அதிருப்தியிலே தொடங்குகிறது. ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் டொனால்ட் நூத், தம் நூலொன்றின் புதிய பதிப்புக்கான அச்சுப்படிகளை 1977இல் கண்ணுற்று, அவற்றின் தரக்குறைவால் மனம் வெதும்பித் தாமே ஓர் அச்சுக்கோக்கும் மென்பொருளை ஆக்கத் தலைப்பட்டார். 1978இல் டெக்கின் முதல் வடிவம் இயங்கிற்று. 1980களில் லெஸ்லி லாம்போர்ட் அதன்மீது அமைத்த லாடெக், கணிதரும் விஞ்ஞானிகளும் ஆய்வேடு எழுதும் பொதுச் சாதனமாயிற்று. தமிழைப் பொறுத்தவரை, வாஷிங்டன் பல்கலைக்கழகத்திலே தோமஸ் ரிட்ஜ்வே ஆக்கிய எழுத்துரு 1990ஐ அண்டிய ஆண்டுகளிலேயே டெக்குடன் இயங்கியது. ஆனால், எழுதுபவர் தமிழை உரோம எழுத்திலே எழுதவேண்டியிருந்தது. 2004இல் ஜொனதன் கியூ வெளியிட்ட ஸீடெக் ஒருங்குறி எழுத்துகளை நேரே ஏற்றுக்கொண்டதும் அத்தேவை நீங்கிற்று. இவையாவும் விலையின்றிக் கிடைப்பவை என்பதும் மனங்கொள்ளத்தக்கது.

ஊவாவின் நிலைமையை இனி நோக்கலாம். கொழும்பிலிருந்து ஏறத்தாழ 290 கிலோமீற்றர் ஓடிவரும் மலையகப் புகையிரதப் பாதை பதுளையிலே முடிவடைகிறது. 1924இல் பதுளை வரை திறக்கப்பட்ட அப்பாதையை மலைமேல் ஏற்றியது பெருந்தோட்டங்களின் தேவையே. தேயிலை இறங்கிய அதே வழியாகவே கையெழுத்துப் பிரதிகளும் இறங்கின. நூல் வெளியிட விரும்பிய மலையக எழுத்தாளர் பலர் கண்டியையும் கொழும்பையும் நாடவேண்டியிருந்தது. கொழுந்து மலையிலே பறிக்கப்படுகிறது. அதன் விலை கொழும்பு ஏலத்திலே தீர்மானிக்கப்படுகிறது. எழுத்தின் கதியும் இதனின்று பெரிதும் வேறுபட்டதாக இருக்கவில்லை.

ஈயவெழுத்துக் காலத்திலே இதனை ஒரு குறையாகக் கூறுவதற்கில்லை. அச்சு முடிந்ததும் கோத்த எழுத்துகள் கலைக்கப்பட்டு அவற்றுக்குரிய அறைகளிலே மீளவும் இடப்பட்டன. அச்சான நூலைத் தவிர வேறெதுவும் எஞ்சவில்லை, எஞ்சவும் இயலாது. கணினி வந்த பின்னர் நிலைமை முற்றாக மாறிவிட்டது. ஒருமுறை தட்டெழுதப்பட்ட உரை அழியாது நிற்கக்கூடியது. மறுபதிப்புக்கும், தொகுப்பு நூலுக்கும், அகராதி ஆக்கத்துக்கும், பார்வையற்றோருக்கு வாசித்துக் காட்டும் மென்பொருளுக்கும் அவ்வொரே உரை பயன்படக்கூடியது. ஆயினும் எழுத்தாளரின் கைக்கு வந்து சேர்வன அச்சான பிரதிகள் மாத்திரமே. திருத்தம் முடிந்த இறுதி உரை பக்க வடிவமைப்பு மென்பொருளொன்றின் கோப்பாக அச்சகக் கணினியிலே தங்கிவிடுகிறது. பத்தாண்டு கழித்து மறுபதிப்புக்கு முயல்வோர் முதற் சொல்லிலிருந்து மீளவும் தட்டெழுதத் தொடங்குகின்றனர். முதற் பதிப்பிலே திருத்தப்பட்ட பிழைகள் மறுபதிப்பிலே புதிதாகப் பிறக்கின்றன. தொழில்நுட்பம் முன்னேறிய பின்னரும் எழுத்தாளர் ஈயவெழுத்துக் காலத்திலேயே நிற்கிறார்.

அச்சகத்திடமிருந்து கோப்பைப் பெற்றுக்கொண்டாலும் முழுப்பயன் விளைவதில்லை. இலங்கைத் தமிழ் அச்சகங்களிலே நெடுங்காலம் கோலோச்சிவந்தது ‘பாமினி’ வகை எழுத்துரு. ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களிலே தமிழ் வரிவடிவங்களைப் பொருத்தி அமைக்கப்பட்டது அது. ‘தமிழ்’ என்னும் சொல்லைப் பாமினியிலே எழுதினால், கோப்பிலே பதிவாவன ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமே. ‘பதுளை’ என்னும் ஊர்ப்பெயர் ஜி, பெரிய ஜே, ஐ, எஸ் என்னும் நான்கு எழுத்துகளாகக் கிடக்கும். அவற்றுள்ளும் ஐகாரக் குறி ளகரத்துக்கு முன்னதாகவே நிற்கும். கண்ணுக்குத் தமிழாகத் தோன்றும் இவ்வுரையிலே கணினியைப் பொறுத்தவரை ஒரு தமிழ் எழுத்துக் கூட இல்லை. அகரவரிசைப்படுத்தல் இயலாது, பெயரடைவு ஆக்குதல் இயலாது, எழுத்துருவை நீக்கினால் எஞ்சுவது பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலே.

ஒருங்குறியிலே அதே ‘பதுளை’ பகரம், தகரம், உகரக் குறி, ளகரம், ஐகாரக் குறி என ஐந்து குறியீடுகளாக, மொழியின் ஒழுங்கு பிறழாது பதிவாகிறது. எந்த எழுத்துருவை மாற்றினும் அது பதுளையாகவே இருக்கும். 1991இல் வெளிவந்த ஒருங்குறியின் முதற் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் ஒதுக்கப்பட்டுவிட்டது. மூன்று தசாப்தங்களுக்கு மேலாகியும் அவ்விடத்தைப் பயன்படுத்தாதிருப்பதற்குத் தொழில்நுட்பக் காரணம் எதுவும் இன்று இல்லை.

எழுத்தின் உடைமை பற்றிய இவ்வினா மற்றெவரைக் காட்டிலும் மலையக மக்களுக்கு ஏன் கூர்மையானது என்பதை வரலாறு காட்டும். தோட்டத்திலே தொழிலாளியின் பெயரும் வேலை நாளும் ‘செக்றோல்’ என்னும் பதிவேட்டிலே எழுதப்பட்டன. எழுதியவர் கணக்கப்பிள்ளை, வைத்திருந்தது தோட்ட நிர்வாகம், வாசிக்க முடியாதிருந்தவர் தொழிலாளி. 1921இல் ஒழிக்கப்பட்ட ‘துண்டு’ முறையிலே, ஒரு தோட்டத்தை விட்டு மற்றொரு தோட்டத்துக்குச் செல்லும் உரிமையே கங்காணியின் கையிலிருந்த ஒரு காகிதத் துண்டிலும் அதிலே குறிக்கப்பட்ட கடனிலும் தங்கியிருந்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் தந்தையின் பிறப்பையோ தந்தைவழி முன்னோரின் பிறப்பையோ எண்பிக்குமாறு கோரியபோது, அதற்குரிய ஆவணம் லயத்துக் காம்பராவிலே இருக்கவில்லை. அச்சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்டோருள் எஞ்சியிருந்தோரின் நிலைமையைச் சீர்செய்ய 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது. தம்மைப் பற்றிய எழுத்து பிறர் கையிலே இருப்பதன் விளைவை இம்மக்களுக்கு எவரும் புதிதாகக் கற்பிக்கவேண்டியதில்லை. அவ்வாறிருக்க, அம்மக்களின் வழிவந்தோர் தாமே எழுதிய எழுத்தையும் தாம் திறக்க இயலாத கோப்பிலே விட்டுவைப்பது எவ்வாறு நியாயமாகும்?

இதற்கு மறுப்பாகக் கூறப்படும் வாதங்கள் சில. அவற்றை ஒவ்வொன்றாக ஆராய்வது அவசியம்.

அச்சகத்தார் தம் தொழிலை அறிவர். எழுத்தாளர் எழுதினாற் போதும் என்பர் ஒரு சாரார். அச்சகத் தொழிலாளரின் பணி போற்றத்தக்கதே. ஒருங்குறி பரவாத காலத்திலே தமிழ் அச்சை உயிரோடு வைத்திருந்தவர்கள் அவர்களே. பாமினியும் தன் காலத்திலே ஆற்றவேண்டிய பணியை ஆற்றியது. ஆனால், தொழிலாளரின் திறமையும் கோப்பின் உடைமையும் வெவ்வேறானவை. தையற்காரர் சட்டையைத் தைத்துத் தருகிறார் என்பதற்காகத் துணியை அவரிடமே விட்டுவருவார் எவருமிலர். பாமினியை ஒருங்குறியாக மாற்றும் கருவிகள் இருக்கின்றனவே என்று இச்சாரார் மேலும் கூறுவர். இருக்கின்றன, பயன்படுகின்றன, ஆனால் அவற்றுக்கும் எல்லையுண்டு. எழுத்துருத் தகவல் நீங்கிய உரையிலே எது பாமினித் தமிழ், எது உண்மையான ஆங்கிலம் என்று பிரித்தறிய வழியில்லை. கட்டுரையினிடையே வரும் ஆங்கிலச் சொல்லும் நூற்பெயரும் பொருளற்ற தமிழெழுத்துகளாகச் சிதைகின்றன. பக்க வடிவமைப்பு மென்பொருளே வழக்கொழிந்துவிட்டால் மாற்றுவதற்கு உரையும் கிட்டாது. அச்சகங்களிலே பெருவழக்காயிருந்த பேஜ்மேக்கர் 2001இல் வந்த ஏழாம் பதிப்புக்கு அப்பால் வளரவில்லை என்பது அறிந்ததே.

சொற்செயலி இருக்க உரைதொகுப்பி எதற்கு என்பது இரண்டாவது வாதம். கடிதத்துக்கும் அறிவித்தலுக்கும் சொற்செயலி போதும்; நான்கு பக்கத் துண்டுப்பிரசுரத்துக்கு டெக்கை நாடுவது கொசுவை அடிக்கக் கோடரி எடுப்பது போன்றதே. நூலென்று வரும்போது நிலைமை வேறு. சொற்செயலியிலே உரையும் தோற்றமும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. தலைப்பைத் தலைப்பாகக் குறிக்காது வெறுமனே பெரிய எழுத்திலே இட்டுவிடும் பழக்கத்தை அது வளர்க்கிறது. பத்துப்பேர் பத்து விதமாக அமைத்தனுப்பும் கட்டுரைகளை ஒரு மலராகத் தொகுப்போர் படும் இன்னலை, எந்த ஒரு மலர்க்குழுவும் அறியும். மூலக்கோப்பு முறையிலே அமைப்பு முழுவதும் தனியொரு கோப்பிலே நிற்கும். அதனை மாற்றினால் மலர் முழுவதும் ஒரே சீராக மாறும். கட்டுரைகளிலே ஓர் எழுத்தும் அசையாது.

எல்லாவற்றையும் இணையத்திலேயே எழுதலாமே, ஓவர்லீஃப் போன்ற தளங்கள் உள்ளனவே என்பது மூன்றாவது வாதம். பலர் கூடி எழுதுவதற்கு அவை வசதியானவை என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால், மலைச்சரிவிலே அமைந்த தோட்டமொன்றிலே கைபேசி அலை ஒரு வளைவிலே கிடைத்து அடுத்த வளைவிலே மறைந்துவிடும். தரவுப் பொதியின் விலை நாட்சம்பளத்திலிருந்து செலுத்தப்படுகிறது. மழைக்காலத்திலே மின்சாரமும் நம்பத்தக்கதன்று. இணையமின்றித் திறக்க இயலாத உரைதொகுப்பி இச்சூழலிலே உரைதொகுப்பியே அன்று. அச்சகக் கணினியிலிருந்து மீட்ட கோப்பைத் தொலைதூரத்து நிறுவனமொன்றின் கணினியிலே மாத்திரம் வைப்பதால் உடைமையும் மீண்டுவிடாது. காப்பாளர் மாறுகிறார், அவ்வளவே. இணையத்தளத்தைப் பயன்படுத்துவோர் ஒவ்வொரு நாள் முடிவிலும் தம் கோப்பைத் தம் கணினிக்கு இறக்கி வைத்துக்கொள்ளட்டும்.

நான்காவது வாதம் எதிர்த்திசையிலிருந்து வருகிறது. மூலக்கோப்பு முறையை ஏற்றுக்கொண்ட நிபுணர்களே அதனை முன்வைக்கின்றனர். ஈமாக்ஸ் அல்லது விம், இவ்விரண்டிலொன்றைக் கற்காதவர் டெக்கைத் தொடவேண்டாம் என்பது அவர்கள் நிலைப்பாடு. 1985இல் வெளிவந்த குனூ ஈமாக்ஸும், 1976இல் பில் ஜோய் எழுதிய விஐயின் வழியிலே 1991இல் வந்த விம்மும் வல்லமை மிக்க கருவிகள் என்பதில் ஐயமில்லை. ஆயினும், ஆங்கில மொழிச் சூழலிலே எழுந்த இவ்விருவர் பூசலைத் தமிழ்ச் சூழலுக்கு அப்படியே இறக்குமதி செய்வது கண்மூடித்தனம். முனையத்திலே இயங்கும் உரைதொகுப்பிகள் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரே அகலமுள்ள கட்டங்களை ஒதுக்குகின்றன. தமிழெழுத்தோ அக்கட்டத்துக்குள் அடங்குவதன்று, ‘ணி’யின் அகலமும் ‘ர’வின் அகலமும் ஒன்றல்ல, ‘கொ’ என்பதன் கொம்பு முன்னும் கால் பின்னுமாகப் பிரிந்து நிற்கும். இதனால் முனையத்திலே தமிழுரை சிதைந்து தோன்றுவதும், சுட்டி ஓரிடத்திலும் எழுத்து வேறோரிடத்திலும் நிற்பதும் இயல்பாகின்றன. ஈமாக்ஸின் சாளர வடிவம், சிறப்பாக 2020இல் வந்த 27ஆம் பதிப்பின் பின்னர், தமிழை நன்கு காட்டுகிறது. ஆனால், அதன் விசைச் சேர்க்கைகளை மனனஞ் செய்யப் பிடிக்கும் மாதங்களை ஒரு கவிஞரிடமோ, நாட்டார் பாடல் தொகுப்பவரிடமோ கோருவதற்கு எவருக்கும் உரிமையில்லை. புலமையின் பெயரால் வாயிலிலே காவல் நிற்கும் இம்மனப்பாங்கு, சங்கத் தமிழை வாசிக்குமுன் இலக்கணம் முழுவதையும் ஒப்புவிக்குமாறு கோரிய பழைய பண்டிதரின் மனப்பாங்கிலிருந்து வேறுபட்டதன்று.

ஐந்தாவது வாதமே எல்லாவற்றினும் கொடியது. கணினியே இல்லாத லயத்துக்கு உரைதொகுப்பி எதற்கு என்று கேட்போர் தம்மை யதார்த்தவாதிகள் எனக் கருதிக்கொள்கின்றனர். வெற்றுரைக் கோப்பை விட எளிய கோப்பு கணினி உலகிலே இல்லை என்பதை அவர்கள் அறியார். ஒருங்குறியின் வழக்கமான சேமிப்பு முறையிலே ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு மூன்று பைற்றுகள் செல்கின்றன. அவ்வாறாயினும் இருநூறு பக்க நூலொன்றின் உரை இரண்டு மெகாபைற்றுக்குள் அடங்கிவிடும். கைபேசியிலே எடுக்கும் ஒரு புகைப்படத்தின் அளவை அது பெரும்பாலும் தாண்டாது. மலிந்த கைபேசியிலே எழுதலாம். பாடசாலையின் பழைய கணினியிலே திருத்தலாம். பல்கலைக்கழக ஆய்வுகூடத்திலே பக்கமாக்கலாம். மூன்று இடத்திலும் அதே கோப்பு. விலையுயர்ந்த மென்பொருளையும் புதிய கணினியையும் கோருவது வடிவமைப்புக் கோப்பே. ஏழைக்கு உகந்தது எதுவோ அதனை ஏழைக்கு எட்டாதது என்று கூறி மறுப்பது யதார்த்தமாகாது.

மேற்கூறியவற்றிலிருந்து, உரைதொகுப்பியைத் தெரிவதற்கான அளவுகோல்கள் தாமாகவே புலனாகும். அது ஒருங்குறி உரையை வேறெதுவும் கலவாது சேமிக்கவேண்டும். இணையமின்றி, பழைய கணினியிலும் இயங்கவேண்டும். விலையின்றிக் கிடைக்கவேண்டும். தமிழைச் சிதைவின்றிக் காட்டவேண்டும். எழுதியதைத் தானாக மாற்றாதிருக்கவேண்டும். டெக்கோடு கூடவே கிடைக்கும் டெக்வேர்க்ஸ், டெக்ஸ்ரூடியோ, கேட், நோட்பேட் பிளஸ் பிளஸ் என இவ்வளவுகோல்களுக்குப் பொருந்துவன பல உள்ளன. தொடங்குவோருக்கு டெக்வேர்க்ஸ் போதும். ஒருபுறம் மூலமும் மறுபுறம் பக்கமுமாக அது காட்டும். அதிலே கற்கவேண்டியது மிகக் குறைவு. பழகிய பின்னர் ஈமாக்ஸை விரும்புவோர் அதனை நாடட்டும். கோப்பு பொதுவானதாக இருக்கும்வரை, கருவி அவரவர் விருப்பத்துக்குரியது.

இவ்வளவுகோல்களுள் இறுதியிரண்டும் மேலும் விளக்கப்படவேண்டியவை. ‘கொழுந்து’ என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோர், அதன் முதலெழுத்தின் ஒகரக் குறி ஒருங்குறியிலே இரு வகையாகப் பதிவாகக்கூடும் என்பதைக் காண்பர்: ஒரே குறியீடாகவும் பதிவாகலாம், கொம்பும் காலுமாக இரு குறியீடுகளாகவும் பதிவாகலாம். திரையிலும் தாளிலும் இரண்டும் ஒன்றே. ஆனால், ஒரு வகையிலே தேடினால் மற்ற வகையிலே எழுதப்பட்ட கொழுந்து அகப்படாது போகலாம். தேயிலைத் தோட்டத்து நாட்டார் பாடல்களைத் தொகுத்துச் சொல்லடைவு ஆக்க முனைபவருக்கு இது சிறிய விடயமன்று. அவ்வாறே துணைக்காலுக்குப் பதிலாக ரகரத்தை இடும் பழைய தட்டச்சுப் பழக்கமும் கண்ணுக்குத் தப்பிக் கோப்பிலே தங்கிவிடுகிறது. சுட்டி நிற்கும் இடத்திலுள்ள குறியீடு யாதென்று காட்டவல்ல உரைதொகுப்பியே இப்பிழைகளை வெளிப்படுத்தும். உள்ளதை உள்ளவாறு காட்டுதல் என்பது இங்கே அணியன்று, அடிப்படைத் தேவை.

தானாகத் திருத்தும் வசதி இன்னோர் ஆபத்து. மலையகப் பேச்சு வழக்கிலே ‘தவறணை’ என்பது தேயிலை நாற்றுமேடை. யாழ்ப்பாண வழக்கிலோ அது கள்ளுக்கடை. ‘கவ்வாத்து’, ‘பிரட்டுக்களம்’, ‘காம்பரா’ முதலிய சொற்கள் பொது அகராதியை மாத்திரம் கற்ற கருவிக்குப் பிழைகளாகவே படும். கைபேசி விசைப்பலகையின் சொற்பரிந்துரை, தன் பட்டியலிலே இல்லாத சொல்லுக்குப் பதிலாக அண்மையான பிறிதொன்றை முன்மொழிகிறது. கவனமின்றித் தொட்டால் அதுவே பதிவாகிறது. மலையக வழக்குச் சொற்களை ‘கொச்சை’ எனக் கூறித் திருத்திய பழைய பதிப்பாசிரியர்கள் மறைந்தாலும், அவர்தம் வேலையை இப்பொழுது கருவி செய்கிறது. சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்த மலைநாட்டு மக்கள் பாடல்கள் 1983இல் நூலாயின. பாடிய வாயின் மொழி மாறாது பதிவாவதிலேதான் அத்தகைய தொகுப்பின் பெறுமதி தங்கியுள்ளது. இனித் தொகுக்கப்படும் பாடல்களை ஏந்தும் கோப்பு அம்மொழியிலே கைவைக்காததாக இருத்தல் வேண்டும்.

மூலக்கோப்பு முறையிலும் இடர்ப்பாடு உண்டு என்பதை மறைப்பது நேர்மையாகாது. டெக்கின் கட்டளைகள் ஆங்கிலத்திலே உள்ளன. தமிழ் விசைப்பலகைக்கும் ஆங்கில விசைப்பலகைக்குமிடையே அடிக்கடி மாறவேண்டியிருப்பது சலிப்பூட்டும். கட்டளையிலே ஓர் அடைப்புக்குறி விடுபட்டாலும் பக்கம் உருவாகாது. இவ்விடர்ப்பாட்டுக்கு வேலைப்பிரிவே தக்க பரிகாரம். டெக்கிலே வெற்றுவரி ஒன்று புதிய பந்தியைக் குறிக்கும். ஆகவே வெறும் உரையே ஏறத்தாழ முழுமையான மூலமாகும். எழுத்தாளர் தலைப்பு, மேற்கோள், அடிக்குறிப்பு ஆகியவற்றுக்குரிய மூன்று நான்கு கட்டளைகளை அறிந்தாற் போதும். எஞ்சிய அமைப்பெல்லாம் ஒரே தனிக்கோப்பிலே, அதனை அறிந்த ஒருவரால் ஒருமுறை எழுதப்பட்டு ஆண்டுதோறும் பயன்படும். ஒரு வாக்கியத்துக்கு ஒரு வரி என எழுதினால் டெக் அதனை ஒரே பந்தியாகவே கோக்கும். படி திருத்துவோருக்கோ எந்த வாக்கியம் எப்போது மாறிற்று என்பது தெளிவாகப் புலப்படும்.

இறுதியாகப் பிரதிகள் பற்றிய ஒரு விடயம் எஞ்சியுள்ளது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது, வேறெங்கும் பிரதியற்ற ஏடுகளும் அதனோடு அழிந்தன. 1983 யூலையிலே பதுளை நகரத்திலும் தமிழர் கடைகளும் வீடுகளும் தீக்கிரையாயின. 2014 ஒக்டோபர் 29ஆந் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையிலே மண்சரிவு லயன்களை மூடியபோது, மனிதரோடு அவர்தம் காகிதங்களும் புதையுண்டன. தீயையும் மண்ணையும் உரைதொகுப்பி தடுக்கமாட்டாது. ஆனால், ஒரே பிரதியாகக் கிடப்பது எதுவும் பாதுகாப்பானதன்று என்பதை இந்நிகழ்வுகள் உணர்த்துகின்றன. வெற்றுரைக் கோப்பை நூறு இடங்களிலே வைப்பதற்கு ஆகும் செலவு ஒன்றுமில்லை எனலாம். 2005 முதல் ஈழத்துத் தமிழ் நூல்களை இணையத்திலே சேமித்துவரும் நூலகம் நிறுவனத்தின் பணி இவ்வகையிலே முன்மாதிரியானது. அச்சுப் பக்கத்தின் படத்தோடு அதன் மூலவுரையும் சேர்ந்து கிடைக்குமாயின் அப்பணியின் பயன் பன்மடங்காகும்.

2023இலே ‘மலையகம் 200’ நினைவுகூரல்களை ஒட்டி மலர்களும் தொகுப்புகளும் வெளிவந்தன. அவற்றின் மூலக்கோப்புகள் இன்று எவர் கையிலே உள்ளன என்று ஒவ்வொரு தொகுப்பாளரும் தம்மைத் தாமே வினவிக்கொள்ளல் தகும். 1920களிலே ‘தேசபக்தன்’ நடத்திய கோ. நடேசையர், அச்சுச் சாதனம் தொழிலாளர் இயக்கத்தின் படைக்கலம் என்பதை உணர்ந்திருந்தார். அச்சியந்திரம் அரிதாயிருந்த காலத்து உணர்வு அது. அச்சுக்கோக்கும் கருவி விலையின்றிக் கிடைக்கும் காலத்திலே அவ்வுணர்வு மங்கிப்போவதற்கு நியாயமில்லை.

ஆகவே, பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்கள் மூன்று காரியங்களை உடனடியாகச் செய்யலாம். ஆண்டு மலருக்கு வரும் ஒவ்வொரு கட்டுரையையும் ஒருங்குறி வெற்றுரையாகவே பெறுதல் முதலாவது. அச்சகத்தோடு உடன்படிக்கை செய்யும்போதே, திருத்தம் முடிந்த இறுதி உரையும் திரும்பக் கிடைக்கவேண்டும் என்பதைக் கொடுப்பனவுக்கான நிபந்தனையாக்குதல் இரண்டாவது. மலர் வெளிவந்த அன்றே அதன் மூலக்கோப்புகளைக் கட்டுரையாளருக்கும் பல்கலைக்கழக நூலகத்துக்கும் எண்ணிம நூலகத்துக்கும் கையளித்தல் மூன்றாவது. இவற்றுக்கு நிதி வேண்டியதில்லை. நிபுணர் குழு வேண்டியதில்லை. பதுளை–பசறை வீதியிலே 2005 முதல் ஒரு பல்கலைக்கழகம் இயங்கிவருகிறது. தோட்டப் பாடசாலைகளிலிருந்து பல்கலைக்கழகம் புகுந்த மாணவர் நாடெங்கும் உள்ளனர். விடுமுறைக்கு ஊர் திரும்பும் ஒரு மாணவர், தம் தோட்டத்திலே எழுதும் ஒருவருக்கு ஒருநாட் பொழுதிலே டெக்வேர்க்ஸைக் கற்பித்து, அவருடைய பழைய கொப்பிகளுள் ஒன்றை அவரோடு அமர்ந்து தட்டெழுதிக் கொடுக்கலாம். அக்கோப்பு அவருடைய கையிலேயே இருக்கட்டும்.